ஏழு மாதம், நாலு பாட்டு, ஒரு மேடை

போன செவ்வாய்க்கிழமை, தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ். பக்கத்து சீட்டில் ஓர் இளம்பெண், மடியில் கைக்குழந்தை. அது சிணுங்க ஆரம்பித்ததும் போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது... நான் பாடிய பாட்டு!

ஆமாம், இத்தனை வாரமாக உங்களிடம் சொல்லாத விஷயம் — நான் ஒரு பேண்டில் இருந்தேன். பெயர் 'ஈரக்காத்து'. ஆயுள் ஏழே மாதம்.

ஜெரோம், அவன் ஊர் சர்ச்சில் கீபோர்டு வாசித்தவன். முருகேசன் உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே கிட்டார் கற்றவன். பாட நான். எங்கள் வகை ட்ரீம் பாப். அதாவது, மெதுவான இசை, ஏகப்பட்ட எக்கோ, பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். மயிலாடும்பாறையில் ஜெரோமின் சித்தப்பாவுக்கு ஒரு பஞ்சு குடோன். அங்கேதான் ரெக்கார்டிங். வெளியே அடிக்கிற காற்றைக்கூட விடாமல் பாட்டில் சேர்த்தோம். நாலு பாட்டை நெட்டில் ஏற்றினோம். யார் கேட்டார்கள்?

கிடைத்தது ஒரே மேடை. தேனியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். இரண்டாவது பாட்டிலேயே பெண்ணின் அப்பா மேலே வந்தார். கோபமில்லை. ஜெரோமிடம் தன்மையாகத்தான் சொன்னார்.

"தம்பி, பாட்டு எங்கனயோ தூரத்துல கேக்குது. அந்தப் புள்ளைய கொஞ்சம் கிட்ட வந்து பாடச் சொல்லுங்க."

அன்றைக்கே சண்டை. ட்ரம்ஸ் சேர்த்து ஆட்டம்போட வைக்கலாம் என்றான் முருகேசன். அதற்குப் பேண்டையே கலைத்துவிடலாம் என்றான் ஜெரோம். நான்? பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் மெல்ல விசாரித்தேன்.

"யாரு பாடுனாகன்னு தெரியலக்கா. எங்க வீட்டுக்காரக அனுப்பிவிட்டாக. ஒரு வார்த்தையும் புரியல. ஆனா இதைப் போட்டாத்தான் இவன் கண்ணசருறான்."

நான்தான் பாடினேன் என்றேன். நம்பவில்லை. குனிந்து, குழந்தையின் காதருகே நாலு வரி முணுமுணுத்தேன். அந்தப் பெண் என்னையும் போனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அக்கா... இந்த நாலு பாட்டும் பழசாயிருச்சு. வேற இருக்கா?"

அவ்வளவுதான். பாதி வழியில், சின்னமனூரிலேயே இறங்கிவிட்டேன். ஜெரோம், முருகேசன் இருவரையும் கான்ஃபரன்ஸ் காலில் இழுத்து, நடந்ததை மூச்சுவிடாமல் கொட்டினேன். 

முதலில் முருகேசன்தான் பேசினான். "ஏலே ஜெரோமு, குடோன் சாவி இன்னும் ஒங்கிட்டதான் இருக்கா?"

"இருக்கு. ஞாயித்துக்கெழமை கிட்டாரோட வந்து சேரு."

வந்தான்! அஞ்சாவது பாட்டு சாயங்காலத்துக்குள் முடிந்தது. இன்னும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

யாரும் கேட்கவில்லை என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் — நம்மிடம் வந்து சொல்வதில்லை, அவ்வளவே. யாராவது செய்த ஏதாவது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்...

ஒரு பேண்டே பிழைத்துக்கொள்ளும்!