பிரேக் அக்கா கண்ட முதுகு

நடுக்கடலில் காற்றாலை நிறுவும் கப்பலில் அவளுக்கு வைத்த பெயர் ‘பிரேக் அக்கா’. கடலடியில் இரும்புத் தூணை அடித்து இறக்கும் முன், பக்கத்தில் டால்பின் உண்டா என்று பார்ப்பது அவள் வேலை. அந்தச் சத்தம் அவற்றைச் செவிடாக்கிவிடும். இருந்தால் வேலையை நிறுத்த வேண்டும்.

ஆகவே அவள் பார்க்கும் நேரத்தில் மட்டும் கப்பலே அன்புமயமாகிவிடும். சமையல்காரர் சூடாக டீ அனுப்புவார். கிரேன்காரர் நாற்காலி கொண்டுவந்து போடுவார்.

“உக்காருங்கக்கா. கடல் எங்க ஓடிப்போகுது?”

அவள் உட்கார்ந்ததே இல்லை. வீட்டிலும் அப்படித்தான்; சாப்பிடும்போதுகூடக் கண் ஜன்னல், கதவு, அடுப்பு என்று அலைந்துகொண்டிருக்கும். “என்னையும் கொஞ்சம் பாரு. நானும் மூச்சு விடுற பிராணிதான்,” என்பார் கணவர்.

அன்று கடல் துடைத்த தட்டு மாதிரிக் கிடந்தது. மதியம் காற்று கிளம்பும் என்று தகவல் வந்திருந்ததால் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பிய்த்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். தூண் அடிக்கப் போகும் சமயம், சாம்பல் முதுகு ஒன்று எழுந்து அமுங்கியது. ஒட்டினாற்போல் சின்னதாக இன்னொன்று.

“நிறுத்துங்க.”

“எங்கம்மா?”

“இப்பத் தெரியல.”

“வேற யாராச்சும் பாத்தீங்களா?”

அத்தனை பேரும் அந்நேரம் பார்த்துத் தங்கள் பூட்ஸை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அடுத்த கப்பலுக்கு உங்களை எடுக்கலாமான்னு என்னைத்தான் கேப்பாங்க.”

“நிறுத்துங்க சார்.”

ஒன்று தென்பட்டால் பார்க்கும் நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பது விதி; மறுபடி பார்க்கத் தொடங்கினாள். கால் மாற்றி மாற்றி நின்றாள். ஒருவேளை அலைதானோ? அலைக்குக் குட்டி எப்படி வரும்? அந்த நேரம் முடிவதற்குள் காற்று வந்துவிட்டது. அன்றைய வேலை ரத்து.

கொஞ்ச நேரத்தில் மேற்பார்வையாளர் பைனாகுலரும் கேமராவுமாகப் பக்கத்தில் வந்து நின்றார். வேலை நின்றதற்கு ஆதாரமாகத் தலைமை அலுவலகம் டால்பின் படம் கேட்டதாம்.

“அதோ, அது?”

“அலை சார்.”

“அந்தப் பக்கம்?”

“அதுவும் அலைதான்.”

“ஒண்ணுக்காவது ஆமான்னு சொல்லுங்கம்மா. மேல நான் என்னத்தச் சொல்றது?”

“நான் பாத்தேன்னு சொல்லுங்க. அடுத்த கப்பலுக்குக் கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“அதுக்குத்தான்மா தேடிட்டிருக்கேன்,” என்று அவர் இன்னோர் அலையைக் காட்டினார்.

எதற்கும் இருக்கட்டும் என்று அவளும் பார்த்தாள்.