திண்டிவனத்துக் கோளாறு என்று நினைத்தேன்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். விழுப்புரத்தில் என்னோடு இருக்கும் மகன் வயிற்றுப் பேத்தி செல்வியை, திண்டிவனத்தில் இருக்கும் என் தம்பியின் பேரனுக்குப் பேசி முடித்திருந்தோம்.

அந்த மாப்பிள்ளையின் அண்ணன் சொந்தத்தில் கட்டியவன். அவன் குழந்தைக்குத் தலையே நிற்கவில்லை. வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா எங்களையும் கூப்பிட்டுச் சொன்னார்: "மைட்டோகாண்ட்ரியாவோட ரைபோசோம் புரதத்தைச் செய்யற ஜீன்ல பழுது. அதனால உடம்புக்குச் சக்தி பத்தல. ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா ஒண்ணும் ஆகாது. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாதான் குழந்தைக்கு ஆபத்து. கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிடுங்க."

"அது திண்டிவனத்துக் கோளாறும்மா. அஞ்சு பெத்தவ நான், எங்க பக்கம் ஒரு குறையும் கிடையாது. வேணும்னா மொதல்ல என் ரத்தத்த எடுங்க" என்று கையை நீட்டினேன்.

முடிவு வந்தது. செல்விக்கு இருந்தது, மாப்பிள்ளைக்கு இருந்தது, எனக்கும் இருந்தது.

தம்பி மெதுவாகக் கேட்டான்: "ஏக்கா, நான் இன்னா திண்டிவனத்துலயா மொளச்சேன்? நீ பொறந்த வயித்துலதான நானும் பொறந்தேன்?"

கல்யாணத்தை நிறுத்தினோம். இப்போது சொந்தத்தில் யார் சம்பந்தம் பேசினாலும், ஜாதகத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனையைக் கேட்கிறேன்.

செல்வி, நான் சொன்னபடிதான எழுதின? எங்க, படிச்சுக் காட்டு. தம்பி கேட்டத மட்டும் சத்தமாப் படிக்காத.