காலியாக விடாத கட்டம்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'இல்லாட்டி அக்கா'. யார் எதைச் சொன்னாலும் "இல்லாட்டி?" என்று ஒரு கொக்கி போடுவார். வீட்டிலும் அதே கதைதான். "மழை வந்தா குடை இருக்கு" என்று கணவர் கிளம்பினால், "வராட்டி?" என்பார்.

"வராட்டி வழக்கம்போல பஸ்லயே விட்டுட்டு வருவேன், போதுமா?"

மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புக்கான மென்பொருளைச் சோதிப்பது அக்காவின் வேலை. அன்று மத்தியானம் புதிய பதிப்பு வார்டுகளுக்குப் போகவேண்டும். சோதனையில் நிரலின் எல்லா வரிகளும் ஓடிவிட்டதாக, எது ஓடியது எது ஓடவில்லை என்று கணக்கெடுக்கும் கவரேஜ் டூல் பச்சை காட்டியது. ஆனால் அந்த டூல் பொல்லாதது. 'இப்படி இருந்தால்' என்று பாதை பிரியும் இடத்திலெல்லாம் ஆள் நிறுத்திவைத்ததுபோல, இந்தப் பக்கம் எத்தனை தரம், அந்தப் பக்கம் எத்தனை தரம் என்று தனித்தனியாக எண்ணும். ஒரே ஒரு பிரிவில் அந்தப் பக்கம் பூஜ்யம்.

'நோயாளியின் எடை கொடுத்திருந்தால், மருந்தின் வேகத்தைக் கணக்கிடு.' கொடுத்த பக்கம் நாற்பது முறை ஓடியிருந்தது. கொடுக்காத பக்கத்துக்கு வரியே கிடையாது, தாண்டிப் போகவேண்டியதுதான். அதனால் வரிக்கணக்கில் குறை தெரியவில்லை.

மேனேஜர் கையைப் பிசைந்தார். "ஒரு வரிகூட விடல. அனுப்பிடலாம் அக்கா. நர்ஸ் எடைய போட்டுடுவாங்க."

"போடாட்டி?"

கேட்டுவிட்டாரே தவிர, அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. அந்தச் சோதனைகளை எழுதியவர் அவரேதான். பெரியவர் என்றால் கணவரின் எழுபத்தெட்டு கிலோ, குழந்தை என்றால் மகள் பிறந்தபோது இருந்த மூன்று கிலோ. ஆசை ஆசையாகப் போட்டிருந்தார். ஊரையே கேள்வி கேட்டுக் குடைபவருக்கு எடைக் கட்டத்தைக் காலியாக விட ஒருநாளும் தோன்றவில்லை, பாவம்.

இப்போது விட்டார். முதலில் எழுபத்தெட்டு கிலோ நோயாளி. அடுத்து, அதே பம்பில் ஒரு குழந்தை, எடை காலி. பம்பை ஓடவிட்டார். டூலில் பூஜ்யம் ஒன்றாகி, அந்தப் பிரிவும் பச்சையானது. அந்தப் பக்கம் போய்வந்ததை மட்டும்தான் அது சொல்லும், நடந்தது சரியா என்று சொல்லாது. திரையில் மருந்தின் வேகம் மாறவே இல்லை, முந்தையவருடையதே நின்றது. மேனேஜர் மருத்துவமனைக்குப் போன் செய்து, புதிய பதிப்பு இன்று வராது என்றார்.

சாயங்காலம் மழை இல்லை. கணவர் குடை இல்லாமல் வந்து, திட்டுக்குத் தயாராக நின்றார். அக்கா திட்டவில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என்னம்மா ஆச்சு?"

"உங்க எடைக்கு வேண்டிய மருந்த நம்ம பொண்ணுக்கு ஏத்திப் பாத்தேங்க."