ஈர வண்டி

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்கு நெட்டை என்று பெயர். உயரம்தான் காரணம். வீட்டில் வைத்த பெயர் ஒன்று, அவளே வைத்துக்கொண்ட பெயர் ஒன்று, இரண்டும் போதாதென்று நாங்கள் இதையும் ஒட்டிவைத்தோம். "பேருக்கா பஞ்சம் எனக்கு?" என்று சிரித்தாள். பதிலுக்கு எனக்கு அவள் வைத்த பெயர் சிடுமூஞ்சி. பொருத்தமான பெயர்தான். இதை எழுதும்போதும் சிடுசிடுவென்றுதான் இருக்கிறேன். நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, ரோலரில் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புவது எங்கள் வேலை. கொதிக்கிற ரோலருக்குள் விரிப்பைச் சுருக்கமில்லாமல் விட இரண்டு பேர் வேண்டும். நெட்டை ஒருத்தியே விடுவாள். கை அவ்வளவு நீளம். விட்டுக்கொண்டே பாடுவாள், சகிக்காது. நல்லவேளை, மிஷின் சத்தத்தில் பாதி அமுங்கிவிடும். அவள் ஒன்றும் தங்கக்கட்டி இல்லை. ஒரே ஒரு கண்ணாடி இருக்கிற இடத்தில் அதன் முன்னால் நின்று பொட்டை மாற்றி மாற்றி வைப்பாள், பின்னால் நாங்கள் வரிசையில் நிற்போம். என்னிடம் வாங்கிய ஊக்கு எதுவும் திரும்பி வந்ததில்லை. கேட்டால், "ஒரு ஊக்குக்கு இந்தப் பாடா, சிடுமூஞ்சி?" என்பாள்.

அவள் திருநங்கை. வீட்டில் அவளோடு பேசுகிறவள் அக்கா ஒருத்திதான். அதுவும் புருஷன் வெளியே போன நேரம் பார்த்து, மொட்டைமாடியில் நின்று போன் செய்வாள். பழக்க தோஷத்தில் "டேய்" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு "இல்லடி" என்பாள். நெட்டை அதை எங்களுக்கு நடித்துக் காட்டிச் சிரிப்பாள். ஆனால் அந்த போன் வராத வாரம் அவள் பாட்டும் கேட்காது.

வேலை முடியும்போது இடுப்புவரை நனைந்திருப்போம். உடை மாற்ற எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதன் உள்ளேயே கழிப்பறை. அறைக் கதவின் தாழ்ப்பாள் என்றைக்கோ பெயர்ந்து விழுந்துவிட்டது. கேட்கிறபோதெல்லாம் மேனேஜர் "பாக்கலாம்மா" என்பார். வெளிநாட்டு மிஷின் இறக்குவார்கள், அதற்கு மாலை போட்டுப் படம் பிடிப்பார்கள், ஒரு தாழ்ப்பாளுக்கு வக்கில்லை. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை.

அதனால் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். ஈர விரிப்புகள் நிரம்பிய தள்ளுவண்டி ஒன்றை உள்ளே இழுத்துவந்து கதவோடு ஒட்டி நிறுத்துவோம். யானை வந்து முட்டினாலும் அசையாது. அந்த வண்டியைத் தள்ளி, சக்கரம் உருளாதபடி அதன் கட்டையைக் காலால் எத்திவிடுவது நெட்டையின் வேலை. தள்ளிவிட்டு அவள் கழிப்பறைக்குள் போய் மாற்றிக்கொள்வாள். நாங்கள் அறையில் மாற்றிக்கொள்வோம். அவள் வந்த புதிதில் இதைப் பற்றி எங்களுக்குள் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. முகத்துக்கு நேரே பேசினோம், அவளும் பேசினாள், இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். எந்தக் கனவானும் வந்து எங்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

பிறகு ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். அவளைப் புதுசு என்றே கூப்பிட்டோம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நெட்டையைக் கண்ணால் காட்டினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவங்க உள்ள இருந்தா எனக்குக் கை நடுங்குது. முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு ஆளு ஸ்டோர் ரூம்ல வச்சு எங்கிட்ட... அதுலருந்து கனமான குரல் கேட்டாலே ஒடம்பு வெறச்சுப்போகுது. அவங்க ஒண்ணும் பண்ணலன்னு தெரியுது. ஆனா ஒடம்பு கேக்கமாட்டேங்குது."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பட்டவளுக்குத்தான் தெரியும். சூடு கண்ட பூனையிடம் போய் நியாயம் பேசி என்ன பயன்? "மேனேஜர்ட்ட தாழ்ப்பாளும் தடுப்பும் கேளு. நானும் வர்றேன்" என்றேன். போனோம். அவள் கேட்டது ஒரு தாழ்ப்பாள், நடுவில் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். காரணத்தைச் சொன்னபோது நெட்டையின் பேரும் வந்தது. மேனேஜர் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

மறுநாளே உத்தரவு. நெட்டை இனிமேல் உடை மாற்றவும் கழிப்பறைக்கும் ஆண்கள் பக்கம் போகவேண்டும், பெண்கள் அறைக்குள் கால் வைத்தால் வேலை போய்விடும். "பெண்களோட பாதுகாப்புதான் நமக்கு முக்கியம்" என்று மேனேஜர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! இத்தனை காலம் கதவில்லாத குறையாக நின்றோமே, அப்போது எங்கே போயிருந்தது இந்தப் பாதுகாப்பு?

அதோடு விட்டார்களா? டை கட்டிய ஒருத்தரைக் கூட்டிவந்து கூட்டம் போட்டார்கள். "இரு தரப்பு உரிமைகள்" என்று அவர் பேசிக்கொண்டே போனார். புதுசு ஒரு தரப்பாம், நெட்டை இன்னொரு தரப்பாம். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்திருந்தார்கள், பாவம், இரண்டு பேருமே தலையைத் தூக்கவில்லை. நான் எழுந்து, "தாழ்ப்பாள் எந்தத் தரப்புங்க?" என்று கேட்டேன். அது இன்றைய தலைப்பில் இல்லை என்றார். வீட்டுக்குப் போனால் டிவியிலும் இதே கூச்சல். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, பெண்கள் அறைக்குள் யார் போகலாம் என்று எனக்குத் தீர்ப்பு சொல்கிறார். "மொதல்ல எந்திரிச்சுப் போய் சட்டையைப் போடுங்க" என்றேன்.

ஆண்கள் பக்கம் நெட்டைக்கு என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. ஒருநாள் போனாள், மறுபடி போகவில்லை. வேலை முடியும்வரை எங்கேயும் போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். அந்த ரோலர் பக்கத்தில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் என்ன ஆகும்? உதடு வெடித்துவிட்டது. கண்ணாடியும் இல்லை, பாட்டும் இல்லை. ஈர உடையோடேயே வீட்டுக்குப் போவாள். நான் தம்ளரை நீட்டினால், "வேணாம் சிடுமூஞ்சி, அப்புறம் எங்க போவேன்?" என்பாள்.

அன்று புதுசு கொஞ்சம் முந்தியே வேலையை முடித்துவிட்டுத் தனியாக உடை மாற்றப் போனாள். வெளியே நின்ற வண்டிகளில் ஒன்றை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அங்கேதான் பிசகு. காய்ந்த விரிப்பு வண்டி குவியலாக ஆளுயரம் நிற்கும், பார்த்தால் பெரிய பாரம் மாதிரி இருக்கும், ஒரு விரலால் தள்ளிவிடலாம். ஈர வண்டியில் விரிப்பு அடியில் படிந்து, வண்டி பாதி காலியாகத் தெரியும். எடையெல்லாம் அதில்தான். எப்போதும் நெட்டையே தள்ளிவந்ததால் இதைப் புதுசுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவள் இழுத்துப்போட்டது காய்ந்த வண்டி.

எங்கள் ஃபோர்மேன், "குழாய் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினான். குழாயாவது மண்ணாங்கட்டியாவது. உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துதான் போனான். வண்டி பஞ்சு மாதிரி உருண்டு ஒதுங்கியது. உள்ளேயிருந்து அலறல்.

எனக்கு அது எட்டுவதற்குள் நெட்டை ரோலரை நிறுத்திவிட்டு ஓடியிருந்தாள். நாங்கள் போய்ச் சேரும்போது, ஃபோர்மேனின் காலரைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்துகொண்டிருந்தாள். "குழாய் பாக்க வந்தியா? வா, கொதிக்கிற குழாயாப் பாத்துக் காட்டறேன்!" அவனை வெளியே தள்ளிவிட்டு, திரும்பி உள்ளே பார்க்காமல், ஒரு விரிப்பை மட்டும் கதவிடுக்கு வழியாக நீட்டினாள். உள்ளேயிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

விசாரணை நடந்தது. ஃபோர்மேன் தெரியாமல் வந்துவிட்டானாம், அவனுக்கு எச்சரிக்கை. நெட்டை உத்தரவை மீறிப் பெண்கள் அறைக்குள் நுழைந்தாளாம், அவளுக்கு வேலை போயிற்று. அட அநியாயமே!

புதுசு எழுந்தாள். "சார், அவங்க வந்ததாலதான் நான் தப்பிச்சேன்."

"நீதானேம்மா அவமேல புகார் சொன்னே?" என்றார் மேனேஜர்.

"பயந்தேன் சார். பயந்ததைச் சொன்னேன். தாழ்ப்பாள் கேட்டேன். அவங்கள அனுப்பச் சொல்லிக் கேக்கல. பயந்தது அவங்களுக்கு, ஆனா கதவைத் தள்ளிக்கிட்டு வந்தது உங்க ஃபோர்மேன் சார்."

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று நானே சொன்னேனே, என் வாயைத்தான் கழுவவேண்டும். ஆனால் முடிவு மாறவில்லை. முடிவை எழுதி வைத்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் தாழ்ப்பாள் வந்தது. தச்சர் வந்து டீ ஆறுவதற்குள் மாட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் வேலை! இதற்குத்தான் இத்தனை காலம் கெஞ்சினோம். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, இழுத்து மூடித் திறந்து காட்டினார். கைதட்டுவோம் என்று எதிர்பார்த்தார்போல. அந்தத் தாழ்ப்பாளைப் பிடுங்கி அவர் தலையில் போடலாமா என்றிருந்தது.

சாயங்காலம் நெட்டைக்கு போன் செய்தேன்.

"தாழ்ப்பாள் மாட்டிட்டாங்களாமே?" என்று கேட்டாள்.

"ஆமாடி."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா? அந்த ஆளை நம்பமுடியாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுசு என் கையிலிருந்து போனை வாங்கினாள். அதுவரை அவள் நெட்டையிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அக்கா, நான் இன்னிக்குத் தாழ்ப்பாள் போடல. வண்டிதான் தள்ளினேன். ஈர வண்டி எதுன்னு இப்ப எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சாச் சரி" என்றாள் நெட்டை. "கால் விரல் பத்திரம். நசுக்கிடும்."