லைட் அக்காவும் கத்துகிற விளக்கும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக மின்வேலை பார்ப்பவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் லைட் அக்கா. ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வருவாள். வேலை முடிந்தால் நின்று ஊர்க்கதை பேச மாட்டாள்.

அன்று இரண்டாம் வகுப்பில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. பிள்ளைகள் விளையாடப் போன நேரம். புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி மட்டும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

"தினமும் இதே கூத்துதான். அவ்வளவு பிடிவாதம்," என்றாள் டீச்சர் சலிப்போடு.

அக்கா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் சிறுமி தானாக வெளியே வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்தாள். விசிறி சுழன்று விளக்குகளும் எரிந்ததும், மறுபடி மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

அக்கா இறங்கி வந்து குனிந்தாள். "என்னம்மா, வெளிச்சத்துல கண்ணு கூசுதா?"

"இல்ல. அது கத்துது."

சிறுமியின் விரல் மூலையிலிருந்த பழைய டியூப்லைட்டைக் காட்டியது. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டுபோல விளக்கை எரியவைக்கும் சோக் இரைந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அதன் கீழே நின்றும் தன் காதில் ஏறவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது.

தலைமையாசிரியரிடம் போய், அந்த வகுப்பில் இரைச்சலைக் குறைக்க அனுமதி கேட்டாள்.

"ஒரு பிள்ளைக்காக ரூமையே மாத்தணுமா?"

"ஒரு மாசம் பாருங்க சார். சரிப்படலன்னா நானே பழையபடி மாட்டித் தர்றேன்."

விளக்குகளை மாற்றினாள். தரையில் கிறீச்சிடாமலிருக்க நாற்காலிக் கால்களுக்குச் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினாள். கை சும்மா இருக்கவில்லை. பலகை அடித்து, கனத்த துணி தொங்கவிட்டு, மூலையில் ஒரு குட்டி அறையும் கட்டினாள். சிறுமி அதன் பக்கமே போகவில்லை. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் பொறுத்துக் கேட்டாள்.

"ஏம்மா, பிடிக்கலையா?"

"உள்ள இருந்தா கதவு தெரியல. யார் வர்றாங்கன்னு தெரியாது."

"இதை முதல்லயே உன்கிட்ட கேட்டிருந்தா எனக்கு ஒரு நாள் வேலை மிச்சம்," என்று சொல்லி, அக்கா ரம்பத்தை எடுத்துப் பலகையில் ஒரு ஜன்னல் அறுத்தாள். மறுநாள் சிறுமி புத்தகத்தோடு உள்ளே போனாள். அவள் வெளியே வந்ததும் அங்கே போய் உட்கார, வகுப்பிலேயே பெரிய வாயாடியான இன்னொருத்தி காத்து நின்றாள்.

ஒரே நாளில் எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. தகரக் கூரையில் மழை அடிக்கும் நாளில் சிறுமி இன்றும் மேசைக்கு அடியில்தான். ஆனால் டீச்சர் அவளைப் பிடித்து இழுப்பதில்லை. நோட்டைக் கீழே நீட்டுகிறாள். கீழேயிருந்து சரியான விடைகள் மேலே வருகின்றன.

மாதம் முடிந்ததும் தலைமையாசிரியரே தேடி வந்தார்.

"மூணாம் வகுப்பையும் இதே மாதிரி பண்ணிடுங்களேன்."

"இதே மாதிரி வேண்டாம் சார்," என்றாள் அக்கா. "முதல்ல அந்தப் பிள்ளைங்களைக் கேட்டுட்டு வர்றேன்."