இரவல் காக்கை

பெரியப்பா இறந்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் துக்கம் என்றால், என் தம்பிக்கு மட்டும் சந்தேகம். அவனுக்கு ஐந்து வயது, எனக்கு எட்டு. பெரியப்பா எங்கே போனார், எப்போது வருவார் என்று கேட்டுக் கேட்டு அம்மாவின் உயிரை எடுத்தான். சாமிகிட்டே போய்விட்டார் என்று சொன்னால், சாப்பிட வருவாரா என்று கேட்டான். கடைசியில் அம்மா, பதினாறாம் நாள் படையலுக்குப் பெரியப்பா காக்காவாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று சொல்லிவைத்தாள். உலகத்தில் எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சொல்வதுதான். தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "காக்கான்னா என்னாம்மா?" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்குப் பினாங்கில் காக்கைத் தொல்லை தாங்கவில்லை என்கிறார்கள். நான் சொல்வது வெள்ளைக்காரன் காலம். அப்போது எங்கள் டத்தோ கிராமாட் பக்கம் மைனா உண்டு, சிட்டுக்குருவி உண்டு, அடுத்த வீட்டுச் சீனக் கிழவியின் வாத்துகள் வேண்டிய மட்டும் உண்டு. காக்கை கிடையாது. நானே அதைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். தம்பி பள்ளிக்கூடத்துக்கே இன்னும் போகவில்லை.

அவன் கேட்டது, சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் காதில் விழுந்துவிட்டது. வினையே அங்கேதான் தொடங்கியது.

பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. ஒரே வீட்டில் இருந்ததால் நாங்கள்தான் அவளுக்குப் பிள்ளைகள். பெரியப்பா துறைமுகத்துச் சரக்கை மாட்டுவண்டியில் ஏற்றிப் பிழைத்தவர். பாதி ஆயுளைப் பினாங்கில் கழித்தும் ஒரு மலாய்ச் சொல் கற்காத மனிதர். மலாய்க்காரராக இருந்தாலும் சீன முதலாளியான தவுக்கேயாக இருந்தாலும் தமிழில்தான் பேசுவார்; புரியவில்லை என்றால் அதே தமிழை இன்னும் உரக்கப் பேசுவார். காது வலிக்குப் பயந்தே சில தவுக்கேகள் 'சீக்கிரம்', 'மெதுவா', 'போதும்' எல்லாம் கற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் வண்டி பூட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பெரியம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடு ஆத்தா, உள்ளுக்குள்ளேயே வச்சுக்காதே" என்று கெஞ்சினார்கள். அவளோ, வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்தாயிற்றா என்று அம்மாவைக் கேட்டாள். கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் அவளுக்கு இறங்கவில்லை. "இப்படியே போனா அக்காவும் நமக்கு இல்லாமப் போயிடுவாங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். பெரியப்பா போனதே எனக்குத் தாங்கவில்லை. இன்னும் ஒருவரா!

இந்த நிலையில்தான் தம்பியின் கேள்வி பெரியம்மாவின் தலைக்குள் புகுந்துகொண்டது.

"புள்ள கேக்குறது சரிதானே? இந்த ஊர்ல காக்கா ஏது? அவரு எதுல வருவாரு?" என்றாள்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முழித்தார்கள். அதுவரை எங்கள் குடும்பத்தில் இறந்தவர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் இறந்தவர்கள். அங்கே அவர்களுக்குக் காக்கைக்குப் பஞ்சமில்லை. இங்கே வந்து இறந்த முதல் ஆள் பெரியப்பாதான். பூசாரியைக் கேட்டார்கள். காக்கை கிடைக்காத இடத்தில் பசுமாட்டுக்கு வைத்தாலும் போய்ச் சேரும் என்றார் அவர்.

பெரியம்மா ஒரே போடாகப் போட்டாள். "காலம் பூரா மாட்டை அதட்டி வண்டி ஓட்டின மனுசன். மாடா வருவாரா? காக்கா வந்து எடுக்கணும். எடுக்காம நான் சோத்துல கை வைக்க மாட்டேன்."

இந்த மாதிரி நேரத்தில் குடும்பத்தில் அரைக்கிறுக்கு ஒருவராவது இருக்க வேண்டும். எங்களுக்கு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, படகுத்துறையில் வேலை. "காக்காதானே? நான் கொண்டாறேன்லா!" என்று, ஏதோ பசாரில் கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் போலக் கிளம்பிவிட்டார். அக்கரையில் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்துப் பக்கம் சதுப்புக்காட்டில் காக்கைகள் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். காலையில் படகேறிக் கடல் தாண்டிப் போனவர் சாயங்காலம் திரும்பி வந்தார், முழங்கால் வரை சேறு, கையில் வெறும் கூடை.

"இருந்துச்சுக்கா" என்றார் அம்மாவிடம். "ஆனா என்னைப் பார்த்ததும் பறந்துடுச்சு."

"பின்னே, உன்னைப் பார்த்ததும் கூடையில ஏறி உக்காருமா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பதினாறாம் நாளும் வந்தது. கொல்லைச் சுவரின் மேல் தலைவாழை இலை விரித்து, சோறு, பருப்பு, வடை, மீன் வறுவல், வாழைப்பழம் என்று பெரியப்பாவுக்குப் பிடித்ததை எல்லாம் வைத்தார்கள். எல்லாரும் தள்ளி நின்றார்கள். என்னையும் தம்பியையும் காக்கையைக் கூப்பிடச் சொன்னார்கள். நாங்கள் "கா... கா..." என்று தொண்டை கிழியக் கத்தினோம். சீனக் கிழவி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, பிள்ளைகளுக்கு என்ன வலி என்று விசாரித்தாள். ஒரு மைனா வந்து இலையில் உட்கார்ந்தது. பெரியம்மா கையை ஓங்கி அதை விரட்டினாள். வெயில் ஏறியது. பூசாரிக்கே பசி வந்துவிட்டது. பெரியம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாமாவை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு குளியலறைக்குப் பின்னால் போனேன். அங்கே அவர் குந்தி உட்கார்ந்து, ஒரு பறவையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அதன் மூக்கில் அடுப்புக்கரியைப் பூசிக்கொண்டிருந்தார். உடம்பு நல்ல கறுப்பு. ஆனால் மூக்கு ஆரஞ்சு நிறம், கன்னத்தில் மஞ்சள் தொங்கட்டான். மலாய்க்காரர்கள் 'தியோங்' என்பார்களே, அந்த மலை மைனா. மாமாவின் விரல்களில் அது கொத்திய இடமெல்லாம் ரத்தம்.

"கோப்பிக் கடைத் தவுக்கேயோடது. சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடணும்" என்றார். "வாயைத் தொறந்தே, அவ்வளவுதான்லா!"

நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடிவந்து கூட்டத்தில் நின்றேன். மாமா சுவரின் அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் சுவரின் மேல் ஒரு கறுப்புத் தலை முளைத்தது. ஐயோ, வந்துவிட்டது! அது தத்தித் தத்தி இலைக்கு வந்தது. காலில் கட்டியிருந்த நூலைப் பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். வாழைப்பழத்தை ஒரு கொத்துக் கொத்தியது. அப்பாடா என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

பறவை தலையைத் தூக்கியது. எங்களை ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு கணீரென்று, "சுடா மாக்கான்?" என்றது.

சாப்பிட்டாச்சா என்று மலாயில் கேட்கிறது. கோப்பிக் கடையில் வளர்ந்த பறவை வேறு எதைக் கேட்கும்?

சுவருக்குப் பின்னால் மாமா செத்திருப்பார் என்று நினைத்தேன். அப்போது என் தம்பி, மகிழ்ச்சி தாங்காமல் குதித்தான்.

"பெரியப்பா மலாய் பேசுறாரு!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெரியம்மா சுவரை நோக்கி நடந்தாள். பறவை மூக்கை இலையில் தேய்த்ததில் கரியெல்லாம் வாழைப்பழத்தோடு போய், ஆரஞ்சு நிறம் பளிச்சென்று தெரிந்தது. பெரியம்மா அதைப் பார்த்தாள். சுவருக்கு மேல் துருத்திக்கொண்டு நின்ற மாமாவின் கிராப்பையும் பார்த்தாள். அவள் உதடு கோணியது. திட்டப் போகிறாள் என்று நினைத்தோம்.

"உசுரோட இருந்தப்ப நானும் தலைகீழா நின்னு பார்த்தேன், ஒரு வார்த்தை கத்துக்கல" என்றாள். "செத்துப் போயி கத்துக்கிட்டு வந்திருக்காரு பாரு!"

முதலில் சிரித்தது பூசாரிதான். அப்புறம் கொல்லையே சிரித்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மாமா மெல்ல எழுந்து அசட்டுச் சிரிப்போடு நின்றார். ஒன்றும் புரியாத சீனக் கிழவியும் வேலிக்கு மேல் சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்தாள். பறவை விடாமல் மறுபடி "சுடா மாக்கான்?" என்றது.

"பெலும்" என்றாள் பெரியம்மா அதனிடம். இன்னும் இல்லை என்று அர்த்தம். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "இலை போடுடி. புள்ளைங்க பசியா நிக்குதுங்க" என்றாள்.

பெரியம்மா சாப்பிட்டாள்! தம்பிக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, தானும் சோற்றைப் பிசைந்து, ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டோம். நாட்டைப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

சாப்பிட்டு முடித்ததும் அவள் எழுந்து அடுப்படிக்குள் போனாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு மாதிரியான சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். பெரியம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் வெளியே ஓடி, "பெரியம்மா இன்னும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க!" என்று எல்லாருக்கும் அறிவித்தேன்.

அம்மா ஓடிவந்தாள். உள்ளே ஒரு பார்வை பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலேயே வந்த பெண்கள் உள்ளே போகப் பார்த்தார்கள். அம்மா கதவை மறித்துக் கையை நீட்டினாள்.

"விடுங்க, யாரும் போகாதீங்க" என்றாள். "நல்லா சிரிக்கட்டும். எத்தனை நாளாச்சு."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். ஒருவர் முகத்திலும் சிரிப்பைக் காணோம். இவ்வளவு நல்ல வேடிக்கையை இவர்கள் அதற்குள் மறந்துவிட்டார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே சத்தம் ஓயவில்லை. இன்னும் பெரிதாகிக்கொண்டே போனது. பாவம், தனியாகச் சிரிக்கிறாளே என்று, அம்மாவின் கைக்குக் கீழே நின்றுகொண்டு நானும் பெரியம்மாவுக்குத் துணையாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.