ஜெயினுலாப்தீன் அமுக்கிய அப்டேட்

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது சந்து. அங்கே ஒரு இரும்புப் படிக்கட்டுக்குக் கீழே ஜெயினுலாப்தீனின் கடை. ஆறடிக்கு எட்டடி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மிஷின், ஒரு சுழல் நாற்காலி. நாற்காலி சுழலாது, சுழல இடம் கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பாஸ்போர்ட்டுக்குத் தேதி வாங்குவது, காலேஜ் விண்ணப்பம், கேஸ் இணைப்பு எல்லாம் அங்கேதான் நடக்கும்.

மேலப்பாளையத்திலிருந்து பதினேழு வயதில் வந்தவர். இருபத்து மூன்று வருடம் தோல் பர்ஸ் தைத்தார். கண் மங்கி ஊசி கையில் ஏற ஆரம்பித்தபோது, ரேஷன் ஆபீஸ் வாசலில் மற்றவர்களுக்கு ஃபாரம் எழுதிக் கொடுத்தார். அதுவே தொழிலாகிவிட்டது. இப்போது ஐம்பத்து மூன்று வயது.

அந்தச் சந்தின் பழக்கம் இப்படி: காலையில் வேலைக்குப் போகிறவர்கள் காகிதங்களைப் பிளாஸ்டிக் பையோடு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் வந்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். ஓடிபி எங்கே வருவது? கார்மெண்ட் பட்டறைகளில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். பாதிப் பேர் சலுகைக்கு ஒரு சிம் மாற்றுகிறார்கள். அதனால் எல்லா ஃபாரத்திலும் ஜெயினுலாப்தீன் தன் செல் நம்பரையே போட்டுவிடுவார். இருநூறு குடும்பங்களுக்கு ஒரே நம்பர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொந்தரவு கம்ப்யூட்டரிடமிருந்துதான் வந்தது. அப்டேட்டை "பிறகு" என்று எத்தனை முறை தள்ளினாலும் ஒருநாள் அதுவாகவே நீலத் திரைக்குப் போய், அணைக்காதீர்கள் என்று எழுதிக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆள் ஃபாரத்தின் நடுவில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கடை வாசலில் கூட்டம் கூடி, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சதவீதம் சொல்லும். எதிர் பெல்ட் பட்டறை அப்ரார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பான்.

"முப்பத்தி நாலு! அரே, சாயந்தரத்துக்குள்ள செஞ்சுரி அடிச்சிருவான் பாய்."

போன வருடம் ஜூனில் ஆறுமுகத்தாயின் மகள் பொன்செல்விக்கு நர்ஸிங் விண்ணப்பம். ஆறுமுகத்தாய் பட்டறையில் சட்டைக்குப் பட்டன் வைப்பவள். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். போட்டோ ஏற்றியாயிற்று, பணம் கட்டியாயிற்று, ஒரு சான்றிதழ் மட்டும் பாக்கி. அது வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. கடைசி நாள் வெள்ளி, ஐந்து மணி.

"காலையில முதல் வேலையா முடிச்சிருதேன்" என்றார் ஜெயினுலாப்தீன்.

காலையில் ரேஷன் கூட்டம். பிறகு ஜும்ஆத் தொழுகை. பள்ளிவாசலிலிருந்து நேராகக் கோவண்டிக்குப் போனார். பர்ஸ் தைத்த காலத்துக் கூட்டாளி சலாவுதீனின் மகளுக்கு நிக்காஹ். மனைவி நூர் நிஷா காலையிலேயே அங்கே போய்விட்டாள், கடை சாத்தியிருந்தது. சஹன் என்கிற பெரிய தட்டில் மற்ற மூன்று பேரோடு கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் துடித்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தார். பொன்செல்வியின் விண்ணப்பம் இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை, இன்று ஐந்து மணியோடு முடிகிறது. அப்போது மணி இரண்டு இருபது.

சஹனிலிருந்து ஒருவர் பாதியில் எழுந்தால் மற்ற மூவருக்கும் மரியாதை இல்லை. அதை வேண்டுமானால் காரணமாகச் சொல்லலாம். ஆனால் சாப்பாடு மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி தப்பு, உம்ரா விசா, ஆதாரில் அப்பா பெயர். ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். சொல்ல அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டு நிமிட வேலைதானே, போய்ச் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டார். குர்லாவில் ரயில் நகராமல் நின்றுவிட்டது. கடையைத் திறந்து கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தபோது ஐந்து பன்னிரண்டு. பக்கம் மூடப்பட்டுவிட்டது.

அவர் நாலு முறை பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்தார். அப்போது சந்து முனையில் ஆறுமுகத்தாயின் குரல் கேட்டது. யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே மகளோடு வந்துகொண்டிருந்தாள். திரையின் மூலையில் மூன்று வாரமாக அவர் தள்ளிக்கொண்டே வந்த அப்டேட் காத்திருந்தது. தன் விரலாலேயே அதை அமுக்கினார்.

அவர்கள் வாசலுக்கு வந்தபோது திரை நீலமாக இருந்தது. எட்டு சதவீதம்.

"முடிஞ்சுதா பாய்? ரசீது குடுங்க" என்றாள் ஆறுமுகத்தாய்.

"ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது ஆரம்பிச்சுதும்மா. இன்னும் விடல்ல."

பொன்செல்வி போனில் மணியைப் பார்த்தாள். அவள் அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்ரார் வந்து எட்டிப் பார்த்து, "இது மிஷின் இல்ல, கவர்மெண்ட் ஆபீசர். மத்தியானம் தூங்கப்போனா எந்திரிக்க மாட்டான்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காத அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதுதான் ஜெயினுலாப்தீனைத் தின்றது. அன்றைக்கு யாராவது ஒருவர், "இவ்வளவு நேரமாவா ஓடும்?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று பிறகு பல முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுவும் நிச்சயமில்லை.

பொன்செல்விக்கு ஒரு வருடம் போனது. காட்கோபரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்றில் கவுண்டர் வேலைக்குப் போனாள். சும்மா நிற்கப் பிடிக்காமல் வேலையையும் கற்றுக்கொண்டாள். இந்த வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பென்டிரைவோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, எந்திரிங்க. இந்தச் சனியன எடுத்துட்டு லினக்ஸ்னு வேற சிஸ்டம் போடப் போறேன்."

"வேண்டாம்மா. பழகினது ஓடிட்டுப் போகட்டும்."

"பழகினதா? எனக்கு ஆன மாதிரி இனி ஒருத்தருக்கும் ஆகக் கூடாது மாமா. எங்க கடையில வார ஆளுகட்ட உங்க கதையத்தான் சொல்லுதேன். அதக் கேட்டே ஒம்பது பேரு மாத்திட்டாங்க."

ஜெயினுலாப்தீனுக்குக் காது சுட்டது. அவருடைய பொய் காட்கோபர் வரைக்கும் போய் ஒன்பது கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது.

போட்டோ வெட்டிக்கொண்டிருந்த நூர் நிஷா, "புள்ள லீவு நாள்ல வந்திருக்கு. எந்திரிங்க மச்சான், நாற்காலியவா கட்டிக்கிட்டிய?" என்றாள்.

அவர் எழுந்தார். பொன்செல்வி ஃபைல்களை நகல் எடுத்து, பழையதை அழித்து, புதியதைப் போட்டாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிரிண்டரை அது தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. திரையின் ஓரத்தில் அப்டேட் இருக்கிறது என்று ஒரு சின்னக் குறி வந்தது. அவள் அதைக் காட்டினாள்.

"இது கேக்கும் மாமா. அவ்வளவுதான். நீங்க சரின்னாத்தான் போடும். வேலைக்கு நடுவுல இனி அதுவா உக்காராது."

அவர் தலையாட்டினார். இனிமேல் எது தாமதமானாலும் அதற்கு அவர் மட்டும்தான் ஆள்.

"முதல் போணி என்னோடது" என்று பொன்செல்வி இந்த வருடத்து நர்ஸிங் ஃபாரத்தைத் திறந்தாள். பெயர், ஊர், மார்க் எல்லாம் வேகமாக ஏறின. செல் நம்பர் கட்டத்தில் அவர் நம்பரைப் பார்க்காமலே அடித்தாள். அவளுக்கு அது மனப்பாடம்.

"உன் நம்பரப் போடும்மா."

"பகல்ல நான் போனப் பாக்க முடியாது மாமா. நீங்கன்னா கடையிலயே இருப்பிய."

"இருக்கல்ல" என்றார் அவர். "அன்னைக்கு நான் இருக்கல்ல."

"தொழுகைக்குப் போயிருந்திய. தெரியுமே."

அவர் போனை எடுத்து, மேலே மேலே தள்ளி, ஒரு இடத்தில் நிறுத்தி அவளிடம் நீட்டினார். அந்தச் செய்தியை அழிக்கப் பல தடவை விரல் வைத்து, அழிக்காமல் விட்டிருந்தார். அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"ரெண்டு இருவது. இத அப்பவே பாத்தியளா?"

"பாத்தேன்."

"எங்க இருந்திய?"

"கோவண்டியில. கல்யாண வீட்ல."

"அப்ப அப்டேட்டு?"

"நான்தான் அமுக்கினேன். நீங்க வார சத்தம் கேட்டு."

நூர் நிஷாவின் கத்தரிக்கோல் நின்றது. பொன்செல்வி போனை அவர் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தாள். கட்டத்திலிருந்த பத்து எண்களையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, தன் நம்பரை அடித்தாள். தன் போனில் வந்த ஓடிபியைத் தானே போட்டாள். ரசீதை அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மாட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

"நானே வாரேன்."

ஆறுமுகத்தாய் வீட்டு வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க பாய், என்ன வெயில்ல?" என்று ஸ்டூலைத் தள்ளினாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, கோவண்டியிலிருந்து ஆரம்பித்து விரல் அமுக்கியதுவரை சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் குழாயடியில் குடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்கட்டும் என்று அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

ஆறுமுகத்தாய் கையிலிருந்த மீனை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எட்டுப் பேரு பாக்க உக்காந்து அழுதேன் பாய். நீங்க ஓடிப்போயி எனக்குத் தண்ணி பாட்டில் வாங்கியாந்திய. நானும் குடிச்சேன்."

அவர் அங்கேயே நின்றார்.

"போங்க. இன்னும் நின்னா எம் வாயில என்ன வருமோ."

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் அவரவர் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னார். இரண்டாவது வாரம் யாரும் கேட்கவில்லை, சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. சிலர் ரசீதுக்குக் காத்திருந்து கண்ணால் பார்த்துவிட்டே போனார்கள். சிலர் வருவதையே விட்டார்கள். அப்ரார் வாசலுக்கு வந்து கேலி பேசுவதில்லை. எதிரே இருந்தபடி குனிந்து சுத்தியலைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

ஆகஸ்டில் பொன்செல்விக்கு இடம் கிடைத்தது. அந்தச் செய்தியும் அவருக்குப் போனில் வரவில்லை, நூர் நிஷா காய் வாங்கப் போன இடத்தில் கேட்டு வந்து சொன்னாள். ஹாஸ்டலுக்குப் போவதற்கு முந்தின வாரம் பிரிண்டர் மக்கர் செய்தது. அவர் கூப்பிடவில்லை. நூர் நிஷாதான் சொல்லியனுப்பினாள். பொன்செல்வி வந்தாள். செருப்பை வெளியே விட்டு, உள்ளே வந்து, எதையோ மாற்றி, ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தாள்.

பேசப் பழகிய நாளிலிருந்து அவரை மாமா என்று கூப்பிட்டவள் அவள்.

"ஆச்சு பாய்" என்றாள். "வேற ஏதும் இருக்கா?"

"இல்லம்மா" என்றார் ஜெயினுலாப்தீன்.